பைப்பில் என்ன கலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைத்தொழில்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் தறிக்காரர்கள், வீணை செய்பவர்களோடு பிரான்ஸில் புகையிலை பைப் செய்பவர்களையும் ஒரு வரியில் சேர்த்திருந்தீர்கள். வீணை சரி. பைப்? கட்டையைக் குடைந்து ஓட்டை போட்டால் முடிந்தது. அதுவும் ஆளைக் கொல்கிற சாமான். அதற்கு ஏன் அந்த வரிசையில் இடம்?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நான் புகைப்பதில்லை. பைப் சிகரெட்டைவிடச் சாது என்பது பைப் பிடிப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்கள் அதிலும் வரும். அந்தத் தொழில் தழைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ‘ஓட்டை போட்டால் முடிந்தது’ என்கிறீர்களே, அதை விட முடியவில்லை.

நான் நினைத்து எழுதியது ஜூரா மலையில் உள்ள சேன் க்ளோத் என்ற ஊரை. ஒரு புனிதரின் உடலைத் தரிசிக்க இடைக்காலம் முதலே யாத்திரிகர்கள் வந்த ஊர். கோயில் இருந்தால் கடைத்தெருவும் வந்துவிடும் அல்லவா? அங்கிருந்த கடைசல்காரர்கள் ஜெபமாலை மணிகளும் சின்னச் சின்ன மரச் சாமான்களும் செய்து விற்றார்கள். பிற்பாடு பொடி டப்பி, அப்புறம் பைப்பின் பாகங்கள். 1850களில் பிரையர் கட்டை அங்கே வந்து சேர்ந்தபோது, வேலை தெரிந்த கைகள் தயாராக இருந்தன. அதுவரை இருந்த களிமண் பைப் கையைச் சுடும், கீழே விழுந்தால் உடையும். மற்ற மரங்கள் உள்ளுக்குள் கருகின.

பிரையர் என்பது கோர்சிகா, கலாப்ரியா, அல்ஜீரியா பக்கம் புதர்க்காடுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் அடிமுண்டு. தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் திரண்டிருக்கும். காட்டுத்தீயில் மேலே இருப்பதெல்லாம் எரிந்துபோனாலும் செடி மறுபடி துளிர்ப்பது இதிலிருந்துதான். பைப்புக்குப் பல பத்தாண்டுகள் முற்றிய முண்டு வேண்டும். தோண்டியெடுத்ததைக் காயவிட்டால் வெடித்துவிடும் என்பதால் ஈரம் போகாமல் மூடிவைத்து, துண்டுகளாக அறுத்து, கொப்பரையில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைக்கிறார்கள். சாறு இறங்காத கட்டையில் புகைத்தால் வாயெல்லாம் கசக்கும். பிறகு மாதக்கணக்கில், சில பட்டறைகளில் வருடக்கணக்கில், உலர்த்தல். அதற்கப்புறம்தான் உங்கள் ஓட்டை.

அதில் இரண்டு உண்டு. புகையிலை அடைக்கும் குழி சுமார் 20 மில்லிமீட்டர் அகலம். தண்டின் வழியே வரும் காற்றுத்துளை சுமார் 4 மில்லிமீட்டர். சின்னது பெரியதின் அடித்தரையில், நட்டநடுவில் வந்து திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே திறந்தால் அடியில் உள்ள புகையிலை எரியாமல் ஈரச் சகதியாகத் தங்கிவிடும். நேரான பைப்பில் இது பெரிய விஷயமில்லை. வளைந்த பைப்பில்தான் சோதனை. தண்டு வளையும், துளையிடும் ஊசி வளையாது. வெளியே வளைவும் உள்ளே நேர்க்கோடுமாக, சுவர் எங்கும் மெலிந்துவிடாமல் கணக்குப் போட வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் கடையில் பஞ்சு சுற்றிய கம்பி ஒன்றை வாய்முனையில் விட்டுப் பார்ப்பார்கள். பைப்பைக் கழற்றாமலே அது தடங்கலில்லாமல் குழிவரை போனால் வேலை சுத்தம்.

இனி எனக்கு உறுத்தலான விஷயம். முண்டு வளரும்போது மண்ணும் பொடிக்கல்லும் அதற்குள் சிக்கி, அங்கங்கே சிறு பொத்தல்கள் விழுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடைந்து, தேய்த்து, எல்லாம் முடிகிற நேரத்தில் ஒன்று எட்டிப் பார்க்கும். வடிவத்தைச் சற்று மாற்றி அதைத் தேய்த்தே தாண்டிப் போகலாம். நம் தச்சர்கள் ஆணிக்குழிக்குச் செய்வதுபோல மக்கு வைத்து அடர்த்தியாகச் சாயம் ஏற்றலாம். இல்லையென்றால் மணலைப் பீய்ச்சி மேற்பரப்பையே சொரசொரப்பாக்கிவிடலாம். லண்டனின் டன்ஹில் நிறுவனம் 1917இல் ‘ஷெல்’ என்ற பெயரில் இந்த மணல்வேலைப்பாட்டைக் கொண்டுவந்தது. மென்மையான பகுதி அரிபட்டு, ரேகைகள் மட்டும் புடைத்து நிற்கும். எனக்கு வழவழப்பைவிட இதுதான் அழகு.

பொத்தலே இல்லாமல், ரேகை நெடுக நேராக ஓடும் பைப்புக்கு மட்டும் விலை பல மடங்கு. கட்டையை எப்படித் திருப்பிவைத்தால் ரேகை பக்கவாட்டில் கோடாகவும் உச்சியில் புள்ளியாகவும் விழும் என்று பார்ப்பதில் கைத்திறன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி மக்கு வைத்த பைப்பிலும் துளையிட்ட கை அதேதான், உழைப்பும் அதேதான். காசு என்னவோ வேருக்குப் போகிறது.

சிகரெட் வந்து சேன் க்ளோத்தின் பட்டறைகளில் பெரும்பாலானவற்றை மூடவைத்துவிட்டது. மிஞ்சியிருப்பது சில பட்டறைகள். அதற்காக நான் அழவில்லை.

கட்டுரையில் அந்த வரி இருக்கட்டும். உங்களுக்கு எப்போதாவது ஒரு பழைய பைப் கையில் கிடைத்தால் மேல்பளபளப்பை விட்டுவிடுங்கள். குழிக்குள் டார்ச் அடித்து, துளை எங்கே திறக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்