கேளுங்கள் டீச்சரை: கறுப்பு ஆகுமா, ஆகாதா?

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். எனக்குக் கறுப்புப் பட்டு கட்ட ஆசை. வீட்டில் தெலுங்கு பேசும் என் மாமியார், 'சுபகாரியத்துக்குக் கறுப்பா?' என்கிறார். கறுப்பு ஆகாத நிறமா? (வாசகி, திருச்சி)

உங்கள் மாமியாரின் கழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். தாலியோடு கருகமணி கோத்திருக்கிறாரா? தெலுங்கில் அதற்கு நல்லபூசலு என்று பெயர். அங்கே 'நல்ல' என்றால் கறுப்பு! நம் ஊர் முஸ்லிம் வீடுகள் பலவற்றிலும் நிக்காஹ் அன்று பெண் கழுத்தில் ஏறுவது கருகமணிதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். தீபாவளிக்கு அப்பா கறுப்பில் சிவப்புப் பூப்போட்ட பாவாடைத் துணி எடுத்து வந்தார். 'பொம்பளப் புள்ளைக்கு இதுதான் கெடச்சுதா?' என்று பாட்டி ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மூலையில் பொட்டாக வைக்க வேண்டிய மஞ்சளை விளிம்பு முழுக்க அப்பிவிட்டார். அதே பாட்டிதான் தம்பி பிறந்தபோது கன்னத்தில் காலணா அகலத்துக்கு மைப்பொட்டு வைத்தவர். ஆகாத நிறத்தை ஏன் குழந்தை முகத்தில் வைக்கிறாய் என்று கேட்க எனக்கு அன்று தைரியம் இல்லை.

எதிர்வீட்டு மாமியோ தன் வளைகாப்புக்கே கறுப்புப் புடவைதான் கட்டினார். பிராமண வீடுகளில் அதற்கு 'மசக்கைக் கறுப்பு' என்று பெயரே உண்டு. பாட்டிக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனாலும் போய் வளையல் போட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கே கண் படும் என்று பயமோ அங்கே கறுப்பைக் காவலுக்கு வைப்பது நம் வழக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அது எப்படி ஆகாமல் போகும்? 'அத்தம்மா, நல்ல சீர எடுத்திருக்கேன்' என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கறுப்பா, கருப்பா? (வாசகர், விருதுநகர்)

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் வல்லின 'று' கட்சி. தொல்காப்பியம் உரியியலில் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று வருகிறது. அதாவது, கறுத்தல் என்றால் கோபம். நிறத்தையும் குறிக்கும் என்று அடுத்த நூற்பா சேர்த்துக்கொள்கிறது. இடையின 'ரு' போட்டால் பழைய தமிழில் பஞ்சம் என்றும் ஒரு பொருள் உண்டு. கருப்பஞ்சாற்றில் இருப்பதோ கரும்பு. இந்தப் பிடிவாதத்தில் வகுப்பில் 'கருப்பு' என்று எழுதியவர்களுக்கெல்லாம் அரை மதிப்பெண் குறைத்துவந்தேன். ஒரு பையன் எழுந்து, 'எங்க குலசாமி கருப்பசாமி டீச்சர், அவர் பேரும் தப்பா?' என்றான். அன்றோடு குறைப்பதை விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஐயப்ப சாமியும் கறுப்பு, பெரியார் தொண்டரும் கறுப்பு. பஸ்ஸில் எப்படி அடையாளம் காண்பது? (வாசகர், ஈரோடு)

ஈரோட்டுக்காரருக்கு இதில் சந்தேகமா! திராவிடர் கழகக் கொடியில் கறுப்பு, சமுதாயத்தின் இழிவுக்கு அடையாளம். நடுவிலுள்ள சிவப்பு வட்டம், அதை ஒழிக்கும் முயற்சிக்கு. சாமிக்கோ அது விரத உடை. நிறத்தை விடுங்கள், காலைப் பாருங்கள். செருப்பு இல்லையென்றால் சாமி.