லைக்காவுக்கு 35, நிக்கானுக்கு 105

கேள்வி: பெரியப்பா தன் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவை எனக்குத் தந்துவிட்டார். நானும் ஒரு பழைய லைக்கா எம்6 வாங்கினேன். இரண்டிலும் 50 மி.மீ. லென்ஸ்தான். ஒவ்வொரு கேமராவுக்கும் இன்னொரு லென்ஸ் வாங்குவதென்றால் எது? அதிகம் எடுப்பது தேக்கா வட்டாரமும் தைப்பூசமும். மூக்குக்கண்ணாடி போடுகிறவன்.
– வாசகர், தோ பாயோ, சிங்கப்பூர்

பதில்: லைக்காவுக்கு 35 மி.மீ., நிக்கானுக்கு 105 மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலமாக அடங்கும், பெரிதானால் தொலைவிலிருப்பது கிட்டே வரும். இரண்டுக்கும் ஒரே அளவை வாங்கிவிடாதீர்கள்.

லைக்கா ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனியாக உள்ள ஒரு சன்னல் வழியாகப் பார்க்கிறோம். எதை மாட்டினாலும் சன்னலில் காட்சி அப்படியே இருக்கும், உள்ளே படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகள்தான் மாறும். 35-இன் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் தெரியும். தேக்காவில் கேம்பல் லேன் பூக்கடை முன்னால் நின்றால், படத்துக்குள் வரப்போகிறவரை முன்கூட்டியே பார்த்துவிடலாம். எனக்கு இந்தக் கேமராவில் மிகவும் பிடித்ததே அதுதான். 28-இன் கோடுகள் ஓரத்தில் இருப்பதால் கண்ணாடி போட்டவருக்கு முழுதாகத் தெரியாது. 135-இன் சட்டமோ தபால்தலை போலச் சிறுத்துவிடும், ஃபோகஸும் நம்பகமாக இராது.

தைப்பூசத்துக்கு வருவோம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும்போது, பின்னால் நகர இடம் ஏது? கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால், 35-இல் இரண்டரை மீட்டர் தள்ளி நின்றே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரம் அடங்கும். அதே காவடிக்கு 50-ஐ வைத்துக்கொண்டு மூன்றரை மீட்டர் தள்ளிப் போகவேண்டும். கூட்டத்தில் அந்த ஒரு மீட்டருக்குள் நான்கு பேர் வந்து நின்றுவிடுவார்கள்.

நிக்கானில் லென்ஸ் காண்பதையே நீங்களும் காண்கிறீர்கள். நீண்ட லென்ஸுக்கு அதுதான் தோது. 105 எஃப்/2.5 லென்ஸில் (எஃப்/2.5 என்பது அதன் மிகப் பெரிய துளை அளவு) ஒரு மீட்டர் வரை கிட்டப் போய் ஃபோகஸ் செய்யலாம். கன்னத்தில் அலகு, நெற்றியில் திருநீறு, மூடிய கண்கள் எல்லாம் சட்டம் நிறைய வரும், பின்னாலிருக்கும் கூட்டம் மங்கிப்போகும். கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க, ஷட்டர் வேகம் குறைந்தது 1/125 விநாடி வையுங்கள். ஆனால் அலகு குத்தும் நேரத்தில் கிட்டே போய் நிற்காதீர்கள், அது அவருடைய வேண்டுதல். மல்லிகைச் சரத்தின் மொட்டுகள்தான் வேண்டுமென்றால் மிகக் கிட்டத்தில் எடுப்பதற்கான 55 மைக்ரோ லென்ஸ் போதும், ஃபிலிமில் பொருளின் உண்மையான அளவில் பாதி வரை பதிவாகும்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய லென்ஸ் பார்க்கும்போது, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நூலிழை போல ஏதும் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். வாங்கியதை டிரை கேபினெட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில்) 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சாதாரண அலமாரி லென்ஸுக்கு ஆகாது.