பைபிள் கதைகள் வரைந்த பழைய வரைபடம் ஒன்று வாங்க ஆசை. அசலா நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏதோ ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? நான் முழுப் பணத்தையும் கொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

வேலை விஷயமாக இரண்டு வருடம் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப்பில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் அதைப் பார்த்தேன். பதினாறாம் நூற்றாண்டு வரைபடக்காரர் ஆபிரகாம் ஓர்டேலியஸ் வெளியிட்ட, பைபிளின் முற்பிதா ஆபிரகாமின் பயண வரைபடம். 1586 என்று ஆண்டு போட்டிருந்தது. நடுவில் கானான். இடது மேல் மூலையில் கல்தேயரின் ஊரிலிருந்து சீகேம் வரை முற்பிதா வந்த வழி ('ஊர்' என்பதே அந்த ஊரின் பெயர், எழுத்துப் பிழை இல்லை). சுற்றிலும் வட்டம் வட்டமாக 22 சித்திரங்கள். சண்டே ஸ்கூலில் கேட்ட கதையெல்லாம் உள்ளங்கை அளவில் கூட இல்லாத வட்டங்களுக்குள் இருந்தது. ஓர்டேலியஸ் பிறந்ததும் இறந்ததும் அதே ஆண்ட்வெர்ப்பில்தான். அவர் ஊரிலேயே கிடைப்பது எப்படிப் பொய்யாக இருக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டது. 350 யூரோ கொடுத்தேன்.

ஸ்டாம்பு சேர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் லென்ஸை என்னிடம் நீட்டினார். கடல் நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆஃப்செட் அச்சு, அதாவது வண்ணத்தைப் புள்ளிகளாகப் போடும் இயந்திர அச்சு. போன நூற்றாண்டுச் சரக்கு.

இதன் அசல், செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. அதில் கோடு கோடாகவே இருக்கும், புள்ளியாக உடையாது. தகட்டை அழுத்திய இடத்தில் படத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். ஆனால் அந்தப் பள்ளத்தைச் செயற்கையாகவும் போடுகிறார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால், அதைக் கையால் செய்த சல்லடையின் கோடுகள் தெரிய வேண்டும். வண்ணம் கையால் பூசியது, அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அந்தக் காலப் பச்சையில் செம்பு உண்டு. அது தாளை அரித்து, பின்னால் பழுப்பாக ஊறியிருக்கும். நான் வாங்கியதன் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

படத்தில் தப்பு இருக்கிறதே என்று மட்டும் ஒன்றை ஒதுக்காதீர்கள். 1525இல் சூரிச்சில் அச்சான பழைய ஏற்பாட்டு வரைபடத்தில் இடவலம் மாறி, மத்தியதரைக் கடல் பாலஸ்தீனத்துக்குக் கிழக்கே போய்விட்டது. அதுவும் அசல்தான். 1581இல் பியூண்டிங் என்ற ஜெர்மானியப் பாதிரியார் உலகத்தையே மூன்று இதழ் இலையாக வரைந்து நடுவில் எருசலேமை வைத்தார். அது தெரியாமல் செய்த பிழை இல்லை, அவருடைய சொந்த ஊரான ஹானோவரின் சின்னமே அந்த இலைதான்.

நான் நிபுணன் இல்லை. 'நகலாக இருந்தால் என்ன, சுவருக்கு அழகுதானே' என்று சொல்ல வருபவர்களுக்கு: நகலை நகல் விலைக்கு விற்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. 'அந்தக் காசுக்கு நகை வாங்கியிருக்கலாம்' என்பதை மைத்துனர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் உபதேசியார். அவருடைய பைபிளின் கடைசிப் பக்கங்களில் பவுலின் பயண வரைபடங்கள் உண்டு. பத்மு தீவைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார், ஏன் என்று கேட்டதில்லை. நான் ஆண்ட்வெர்ப்பில் பேரம் பேசிக்கொண்டிருந்த அதே வருடம், வீட்டுக்கு டைல்ஸ் போடும்போது அண்ணன் அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். கேட்டால், 'கரையான் அரிச்சதுடா, அட்டையே இல்ல' என்கிறார். வரைபடப் பக்கத்தையாவது கிழித்து வைத்திருக்கலாம்.