பெர்பெச்சுவல் காலண்டர் வாட்சுக்கு லீப் வருஷம் எப்படித் தெரிகிறது?

காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தில் ஐயா வைத்துவிட்டுப் போன சாவி கொடுக்கும் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் (மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே அறிந்து தேதி காட்டுவது), பேட்டரியே இல்லாமல் பிப்ரவரி 29-ஐ எப்படி அறிகிறது, அதை இப்போது ஓட விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல மாடல்களில் நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கும் இடம் உண்டு. 31 நாள் மாதத்துக்கு வெட்டு கிடையாது, 30 நாளுக்கு லேசான வெட்டு, பிப்ரவரிக்கு ஆழமான வெட்டு. லீப் பிப்ரவரிக்கு மட்டும் அந்த ஆழம் சற்றுக் குறைவு. ஒரு நெம்புகோலின் மூக்கு அதைத் தடவிப் பார்த்து, இறங்கிய ஆழத்துக்கேற்ப மாதக் கடைசி இரவில் தேதியைக் கூடுதலாகத் தள்ளி 1-க்குக் கொண்டுவருகிறது. கணக்கு முழுதும் உலோகத்தின் வடிவத்திலேயே இருக்கிறது! சுவிஸ் வாட்ச் நிறுவனமான பட்டேக் ஃபிலிப் இதை 1925-லேயே கைக்கடிகாரத்துக்குள் அடக்கிவிட்டது.

2100 லீப் வருஷம் அல்ல, ஆனால் நான்காண்டுச் சக்கரம் அதையும் லீப் என்றே எண்ணும். அந்த மார்ச் 1 அன்று கையால் திருத்த வேண்டும். வாட்ச் காட்டுவது ஆங்கிலத் தேதி மட்டுமே; தமிழ் மாதத் தேதிக்கு, பிள்ளையார் நோன்புக்கு, பஞ்சாங்கம்தான்.

பல வருஷம் கிடந்த வாட்சுக்கு உடனே சாவி கொடுக்காதீர்கள். எண்ணெய் காய்ந்திருக்கும், முதலில் சர்வீஸ். பிறகும் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியை மாற்றவே வேண்டாம். அப்போது நெம்புகோல் பல்லில் மாட்டியிருக்கும், தேதி மாற்றும் பொத்தானை அழுத்தினால் உடையலாம்.