60 டாலர் சந்தாவும் 35,000 டாலர் என்ஜினும்

கேள்வி: வணக்கம் சார். டெக்சாஸில் ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கிறோம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து போன வருடம் செஸ்னா 172என் என்ற சிறு விமானம் ஒன்று வாங்கினோம். 1978ஆம் வருட மாடல். ஆளுக்கு 34,000 டாலர் போட்டோம். என்ஜின் கடைசி ஓவர்ஹாலுக்கு (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பதற்கு) பிறகு 1,650 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஆளுக்கு வருடத்துக்கு 40 மணி நேரம் பறக்கிறோம். ஹேங்கர் வாடகை மாதம் 450, காப்பீடு வருடம் 2,400, வருடாந்தரப் பரிசோதனைக்குப் போன முறை 3,000 டாலர் ஆனது. இப்போது மூன்று சங்கங்களில் சேரச் சொல்கிறார்கள். செஸ்னா உரிமையாளர் சங்கம் 60 டாலர், நாடு தழுவிய விமான உரிமையாளர், பைலட்டுகள் சங்கமான ஏஓபிஏ சுமார் 90, இங்கே கிளை வைத்திருக்கும் விமான ஆர்வலர்கள் சங்கமான இஏஏ சுமார் 50. மூவரும் மூன்றிலும் சேர்ந்தால் வருடம் 600 டாலர். "பெட்ரோல் காசே கையைக் கடிக்குது, இதுக்கு வேற சந்தாவா?" என்று என் மனைவி கேட்கிறாள். சேர்வது லாபமா? வரியில் கழிக்க முடியுமா? எனக்கு வயது 46, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. 600 டாலர் வேண்டாம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செஸ்னா சங்கச் சந்தா போதும். 60 டாலரை விமானத்தின் பொதுக் கணக்கிலிருந்து கட்டுங்கள், ஆளுக்கு 20 டாலர்தான் ஆகும். அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். விமானம் வாங்குவதற்கு முன்பே செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு பைப்பர் செரோக்கி விமானத்தில் பதினோரு வருடம் பங்கு வைத்திருந்தவன். ஒரு குளிர்காலத்தில் அதன் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் புரொப்பெல்லர் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. அப்புறம் ஸ்டார்ட்டரையே மாற்றினார்கள். மொத்தம் 1,100 டாலர் கொடுத்தோம், நோய் அப்படியே இருந்தது. கடைசியில் என் கூட்டாளி பைப்பர் உரிமையாளர் சங்கத்துக்கு போன் செய்தார். எடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் பேட்டரி கேபிள் அலுமினியமா, செம்பா?"

எங்களுக்குத் தெரியவில்லை. ஹேங்கருக்குப் போய்ப் பின்சீட்டைக் கழற்றினோம். செரோக்கியில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், என்ஜினோ மூக்கில். கேபிள் பின்சீட்டிலிருந்து மூக்கு வரை ஓடுகிறது. எடை குறைக்க பைப்பர் அந்தக் காலத்தில் அலுமினியக் கேபிள் போட்டிருந்தது. முனையில் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. மின்சாரம் பாதி வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. செம்புக் கேபிள் போட்ட அன்றே ஒரே திருகில் என்ஜின் கிளம்பியது. அந்தப் பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. அவர் எல்லா விமானமும் பார்ப்பவர். சங்கத்துக்காரர் நாற்பது வருடமாக ஒரே வகை விமானத்தைப் பார்த்தவர். நீங்கள் சந்தா கட்டுவது அந்த நாற்பது வருடத்துக்குத்தான்.

இனி உங்கள் விமானத்துக்கு வருவோம். 172 வகை 1956இல் விற்பனைக்கு வந்தது, 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால் எல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1977 முதல் 1980 வரை வந்த 172என் மட்டும் தனி ரகம். அதிலிருப்பது லைக்கமிங் நிறுவனத்தின் ஓ-320-எச்2ஏடி என்ஜின். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் உராய்ந்து உரிந்துபோகும் பிரச்சினையால் பெயர் கெட்ட என்ஜின் அது. குளிரில் சூடுபடுத்தாமல் கிளப்புவதும், வாரக்கணக்கில் பறக்காமல் நிறுத்திவைப்பதும் அதற்கு ஆகாது. அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 1980இலேயே ஒரு கட்டாய உத்தரவு போட்டு, எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானத்தை என்ஜின் எண்ணெயில் கலக்கச் சொன்னது. இன்று ஏரோஷெல் 15டபிள்யூ-50 போன்ற சில எண்ணெய்களில் அதற்கு இணையான பொருள் ஏற்கெனவே கலந்தே வருகிறது. அந்த எண்ணெயை ஊற்றிவிட்டுத் தனியாக ஒரு பாட்டிலும் வாங்கி ஊற்றுபவர்கள் உண்டு. வேறு எண்ணெயை ஊற்றிவிட்டுச் சேர்மானத்தை மறந்துவிடுபவர்களும் உண்டு. முன்னதில் காசு வீண், பின்னதில் என்ஜினே போகும்.

அந்தப் பிரச்சினைக்குப் பிறகு லைக்கமிங் பெரிய டாப்பெட் வைத்த கிரான்க்கேஸை, அதாவது என்ஜின் கூட்டை, கொண்டுவந்தது. என்ஜின் வரிசை எண்ணின் முடிவில் 76 என்பதற்குப் பிறகு 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் உங்களுடையது அந்த ரகம். இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. மற்ற லைக்கமிங் என்ஜின்களில் டாப்பெட்டைப் பார்க்க வேண்டுமானால் கேஸைப் பிரிக்க வேண்டும். எச்2ஏடியில் பிரிக்காமலேயே டாப்பெட்டை வெளியே எடுத்துப் பார்க்கலாம். அதாவது, பயமாக இருந்தால் சில மணி நேரக் கூலியில் உண்மை தெரிந்துவிடும். இதெல்லாம் தெரியாமல் ஒருவர் "எச்2ஏடியா? தூக்கிப் போட்டுவிட்டு வேறு என்ஜின் வையுங்கள்" என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அந்த நேரத்தில் போன் செய்ய ஒரு ஆள் வேண்டும்.

முன்சீட்டுத் தண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன், இது காசைவிடப் பெரிய விஷயம். செஸ்னாவில் சீட் இரண்டு தண்டவாளங்களில் நகரும், ஒரு முள் துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் தேய்ந்து அந்த வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். மேலே ஏறும்போது முள் நழுவினால் சீட் பின்னால் ஓடும், கையில் பிடித்திருக்கும் யோக்கும் (விமானத்தின் ஸ்டீயரிங்) கூடவே இழுபடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 100 மணி நேரம் அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும் என்ற கட்டாய உத்தரவு இருக்கிறது. அடுத்த வருடாந்தரப் பரிசோதனைக்கு முன் நீங்களே குனிந்து, டார்ச் அடித்து, அந்தத் துளைகளைப் பாருங்கள்.

சரி, மற்ற இரண்டு சங்கங்கள்.

ஏஓபிஏ 1939இல் தொடங்கியது, தலைமையகம் மேரிலாந்தில் ஃபிரெடரிக் நகரில். அது பைலட்டுக்கான சங்கம், விமானத்துக்கானது இல்லை. அதனால் பொதுக் கணக்கிலிருந்து கட்ட வேண்டாம், அவரவர் விருப்பம். உங்கள் வயதையும் மாத்திரையையும் எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த பேசிக்மெட் முறையில், 2006 ஜூலை 14க்குப் பிறகு எப்போதாவது எஃப்ஏஏ மருத்துவச் சான்றிதழ் வைத்திருந்தவர் பெரும்பாலும் தன் குடும்ப மருத்துவரிடமே பரிசோதனை செய்துகொண்டு பறக்கலாம். மருத்துவரிடம் 48 மாதத்துக்கு ஒருமுறை, இணைய வகுப்பு 24 மாதத்துக்கு ஒருமுறை. இந்த வசதிக்காக வருடக்கணக்கில் வாஷிங்டனில் போராடியவர்களில் ஏஓபிஏ முக்கியமானது. ஆனால் அவர்கள் நடத்தும் அந்த வகுப்பு இலவசம், உறுப்பினர் ஆகாதவர்களும் படிக்கலாம். ஈயமில்லாத விமானப் பெட்ரோலுக்கு மாறும் விஷயத்திலும் உங்களுக்காகப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். ஆக, 90 டாலர் கட்டினால் அது உங்கள் பைக்குத் திரும்பி வரும் என்று எண்ணிக் கட்டாதீர்கள். நமக்காகக் குரல் கொடுப்பவர்களுக்கு நம் பங்கு என்று மனதாரத் தோன்றினால் கட்டுங்கள். நான் கட்டுகிறேன். கை இறுக்கமாக இருக்கும் வருடத்தில் விட்டுவிட்டாலும் தப்பில்லை.

இஏஏ 1953இல் தொடங்கியது, விஸ்கான்சினில் ஆஷ்காஷ் நகரம் அதன் இருப்பிடம். ஜூலையில் நடக்கும் பெரிய விமானத் திருவிழா அவர்களுடையதுதான். வீட்டிலேயே விமானம் கட்டுபவர்களுக்கு அது பொக்கிஷம். உங்களுக்கு அதன் பயன் உள்ளூர்க் கிளையில்தான். முதலில் இரண்டு கூட்டங்களுக்கு விருந்தாளியாகப் போய் உட்காருங்கள். அங்கிருப்பவர்களோடு ஒட்டிக்கொண்டால் சேருங்கள்.

சலுகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெட்செட்டில் இத்தனை சதவீதம், வாடகைக் காரில் இத்தனை சதவீதம் என்று பட்டியல் நீட்டுவார்கள். நீங்கள் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருளுக்கு மட்டும்தான் அது மிச்சம். காப்பீட்டில் தள்ளுபடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் உங்கள் புரோக்கரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தள்ளுபடி வருவது வருடாவருடம் பயிற்சி எடுப்பதால்தான், உறுப்பினர் அட்டையால் இல்லை.

வரி: நீங்கள் பறப்பது சொந்த மகிழ்ச்சிக்காக. எந்தச் சந்தாவையும் கழிக்க முடியாது. சில சங்கங்களுக்குத் தனியாக அறக்கட்டளை உண்டு, அதற்குக் கொடுக்கும் நன்கொடை வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு நேரம் 60 டாலரைப் பற்றிப் பேசினோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு எண்: 1,650. இந்த என்ஜினுக்கு லைக்கமிங் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம். மூவரும் சேர்ந்து வருடத்துக்கு 120 மணி நேரம் பறக்கிறீர்கள். மிச்சம் இருப்பது 350 மணி நேரம், ஏறக்குறைய மூன்று வருடம். ஓவர்ஹாலுக்கு 35,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 11,700 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, மாதக் கணக்கில் 325 டாலர். நீங்கள் எழுதிய செலவுகளில் ஹேங்கர் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, என்ஜினுக்கென்று ஒரு பைசாகூட இல்லை.

நிலையான செலவு மூன்றையும் கூட்டினால் 10,800, ஆளுக்கு 3,600. மணிக்கு எட்டரை காலன், காலன் 6 டாலர் என்று போட்டால் 40 மணி நேரத்துக்குப் பெட்ரோல் 2,040. இதுவரை 5,640. என்ஜினுக்கு வருடம் 3,900 சேர்த்தால் 9,540. உங்கள் உண்மையான செலவு இதுதான். இதைத்தான் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாவது வருடம் ஒரே நாளில் 11,700 டாலர் கேட்டு நிற்பதைவிட, இப்போது மாதம் 325 பற்றிப் பேசுவது வீட்டுக்கு நல்லது.

2,000 மணி நேரம் என்பது சட்டமில்லை. வாடகைக்கு விடாமல் சொந்தமாகப் பறப்பவர்கள் என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாண்டியும் ஓட்டலாம். ஆனால் பணம் தயாராக இருந்தால்தான் அந்த முடிவை நிதானமாக எடுக்க முடியும். மூன்று பேர் பெயரிலும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கோ மணி மார்க்கெட் கணக்கோ திறந்து, மாதாமாதம் தானாகப் போய்ச் சேரும்படி செய்துவிடுங்கள். மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். நடுவில் ஒருவர் பங்கை விற்றுவிட்டுப் போனால், அவர் என்ஜினுக்காகச் சேர்த்தது அவரோடு போகுமா, விமானத்தோடு இருக்குமா என்பதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டுவிட்டு, பிறகு பேச்சுவார்த்தையே நின்றுபோன கூட்டாளிகளை நான் பார்த்திருக்கிறேன். (பங்கு கைமாறும்போது கவனிக்க இன்னொன்று: எஃப்ஏஏ பதிவில் பெயர் வர, புதிய கூட்டாளி குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பரைத் தனிநபர் இணை உரிமையாளராகப் பதிவு செய்ய முடியாது.)

இப்போது அந்த 60 டாலரைத் திரும்பப் பாருங்கள். மூன்று வருடத்தில் நீங்கள் எடுக்கப்போவது 35,000 டாலர் முடிவு: இதே என்ஜினை ஓவர்ஹால் செய்வதா, இன்னும் ஓட்டுவதா, மாற்றுவதா, எந்தப் பட்டறைக்கு எச்2ஏடி நன்றாகத் தெரியும்? அதே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பணம் கொடுத்து, நல்லதும் கெட்டதும் பார்த்த நூற்றுக்கணக்கான 172என் உரிமையாளர்கள் அந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். சேர்ந்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். வருடாந்தரப் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பு போன் செய்து, இந்த மாடலில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை உங்கள் மெக்கானிக்கிடம் மரியாதையோடு கொடுங்கள். கையெழுத்துப் போடப்போவது அவர்தான், சங்கம் அவருக்கு மாற்று இல்லை. ஒரு வருடம் முழுக்க ஒரு தடவைகூட யாரும் அவர்களை அழைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டாம்.

முதல் போனுக்கு முன்னால் என்ஜின் லாக்புக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஓவர்ஹால் எந்த வருடம் என்று பாருங்கள், ஏனென்றால் மணி நேரம் முடியாவிட்டாலும் 12 வருடத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது லைக்கமிங். என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், சேர்மானம் போட்டதாக ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்புறம் வரிசை எண்ணின் கடைசியில் அந்த 'டி' இருக்கிறதா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அது இல்லையென்றால் மாதம் 325 என்று நான் சொன்ன கணக்கை நாம் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.