புதிய தொற்றுநோய் நாடு விட்டு நாடு பரவுமா என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

புதிய நோய் எல்லை தாண்ட எவ்வளவு வாய்ப்பு, தாண்டினால் எவ்வளவு பாதிப்பு என்ற இரண்டையும் சேர்த்து எடை போடுவதுதான் அபாய மதிப்பீடு.

உசிலம்பட்டிப் பக்கம் நாளுக்கு இரண்டே பஸ் வரும் ஊரில் ஒருவருக்குத் தொற்று என்றால், அது தெருவோடு நின்றுவிடலாம். அதே ஆள் இருமிக்கொண்டே மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி ஜன்னலைச் சாத்திக்கொண்டால், விடியும்போது நோய் சென்னையில் இறங்கும். மதுரையிலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் விமானமே போகிறது. அதனால் நோய் கிளம்பிய இடத்திலிருந்து ஆட்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்று முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம், நான் மிக முக்கியமாக நினைப்பது இது: அறிகுறி தெரியும் முன்பே பரவுமா? 2003-இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்தார். ஆனாலும் பெரும்பாலும் காய்ச்சல் வந்த பிறகே பரவியதால், நோயாளிகளைத் தனிமைப்படுத்தி அதை அடக்க முடிந்தது. கொரோனாவோ, ஒரு தும்மல்கூட இல்லாதவரிடமிருந்தும் தொற்றியது.

பாதிப்பு கடுமையா, வழக்கத்துக்கு மாறானதா, எல்லை தாண்டுமா, பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வருமா என்ற நான்கில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால், 24 மணி நேரத்துக்குள் நோய் கிளம்பிய நாடு உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

‘பரவும் அபாயம் அதிகம்’ என்று செய்தி வந்ததும், வந்தால் உயிர் போய்விடும் என்று பலர் பதறுகிறார்கள். அது முதலில் சொன்ன இரண்டில் ஒன்றை, நோய் எவ்வளவு எளிதாக ஊர் தாண்டும் என்பதை மட்டும் சொல்கிறதே தவிர, உங்கள் உடம்பை என்ன செய்யும் என்பதை அல்ல.