கல்யாண முருங்கைத் துளிர் வீங்குவதற்கு

துளிர் வீங்குவதற்குப் பூஞ்சாண மருந்து அடித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், அது வீண் செலவு. மிளகுக்கொடி ஏற்றிய கல்யாண முருங்கையில் துளிர் சுருண்டு காம்பு கட்டிகட்டியாக வீங்குகிறது என்றால், பெரும்பாலும் கொப்புளக் குளவிதான் காரணம். 2 மில்லிமீட்டர்கூட இராது. இளந்திசுவுக்குள் முட்டை வைக்கும். 2000களின் நடுவில் கேரளத்து மிளகுத் தோட்டங்களில் இந்த மரங்களைப் படாதபாடு படுத்தியது இதே பூச்சிதான்.

ஒரு கட்டியை பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே சிறு அறைகளில் வெள்ளைப் புழு இருக்கும். முற்றிய கட்டியென்றால் மேலே ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள், குளவி வெளியேறிவிட்டது.

வீங்கிய கொப்புகளை வெட்டி உடனே எரியுங்கள். வரப்பில் போட்டால் அதிலிருந்தே குளவி கிளம்பும். ஆனால் மொட்டையடிக்க வேண்டாம், அப்புறம் வரும் புதுத்துளிரைத்தான் அது தேடி வரும். வீங்கிய இலை பழையபடி ஆகாது. செத்த மரத்துக்குப் பதிலாகச் சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) போத்து நடுங்கள். அதே பயறு இனம்தான், இந்தக் குளவி அதைத் தொடாது.

அடைக்கு இலை பறிக்கும் மரமாக இருந்தால் ஊடுருவும் பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள். புழுவும் ஓட்டையும் இல்லையென்றால் நான் சொன்னது பொருந்தாது. கேரளத்து அட்டப்பாடியில் உள்ள அகளி கிருஷிபவனில் (அரசு வேளாண் அலுவலகம்) ஒரு கொப்பைக் காட்டுங்கள்.